கடலுக்குள் ஆற்றைத் தேடும் கப்பல்

மாணவர்களே, செலாயாங்கில் பெய்யும் மழை எங்கே போகிறது தெரியுமா? அது பத்து ஆற்றில் சேர்ந்து, கோம்பாக் ஆற்றுடன் கலந்து, மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றில் இணைகிறது. பிறகு கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. கடலில் கலந்ததும் ஆறு மறைந்துவிடுமா?

உடனே மறையாது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை சுமார் 1,000 கிராம். கடல்நீருக்கோ சுமார் 1,025 கிராம். எனவே ஆற்று நீர் கடலின் மேல் மெல்லிய படலமாக விரிகிறது. சேறு, உரம், சாக்கடைக் கழிவு எல்லாம் அதோடு பயணம் செய்கின்றன. நிறத்தை மட்டும் பார்த்து அதன் எல்லையைச் சொல்ல முடியாது; சேறு விரைவில் அடியில் படிந்துவிடும். உப்புதான் உண்மையைச் சொல்லும்.

ஆய்வுக் கப்பல் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வெளிக்கடலை நோக்கிச் சென்று, இடையிடையே நிற்கும். ஒரு சட்டத்தில் வட்டமாக அடுக்கிய போத்தல்களைக் கம்பிவடத்தில் கட்டி இறக்குவார்கள். இவற்றுக்கு 'நிஸ்கின் போத்தல்' என்று பெயர். இரு முனைகளும் திறந்திருப்பதால் நீர் உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். வேண்டிய ஆழத்தில் கப்பலிலிருந்து மின்சமிக்ஞை அனுப்பினால் மூடிக்கொள்ளும். கூடவே இறங்கும் கருவி வெப்பநிலை, ஆழம், மின்கடத்துதிறன் ஆகியவற்றை அளக்கும். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும்.

இனி ஒரு கணக்கு. ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். எடுத்த மாதிரியில் 28 கிராம் இருந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்று நீர். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட நைட்ரேட் குறைவாக இருந்தால், பாசிகள் அதை உறிஞ்சியிருக்கலாம். கூடுதலாக இருந்தால், வழியில் வேறெங்கோ கழிவு கலக்கிறதா என்று தேட வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கப்பலின் அடிப்பாகமும் சுழலியும் அந்த மெல்லிய படலத்தைக் கலக்கிவிடும். அதனால் மேல்மட்ட நீரைக் கப்பலிலிருந்து விலகி, சிறு படகில் சென்று எடுப்பதும் உண்டு.

1999இல் இந்தியாவின் 'சாகர் கன்யா' கப்பல் வங்காள விரிகுடாவின் வடபகுதியில் நின்று அளந்தபோது, சில நாள்களிலேயே மேல்மட்ட உப்பு கிலோவுக்குச் சுமார் 4 கிராம் குறைந்தது. ஆற்று நீர் அங்கு வந்து சேர்ந்திருந்தது! இப்படிப்பட்ட படலம், கீழேயுள்ள குளிர்ந்த நீர் மேலே கலப்பதைத் தடுக்கிறது. மேலே தங்கும் வெப்பம் பருவமழையையும் புயலையும் பாதிக்கக்கூடும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்: கண்ணாடிக் குவளையில் பாதியளவு உப்புநீர் ஊற்றுங்கள். சாயம் கலந்த நன்னீரைக் கரண்டியின் மேல் மெல்ல வழியவிடுங்கள். நிறம் மேலேயே நிற்கும். இப்போது ஒருமுறை கலக்குங்கள். ஆய்வாளர்கள் கப்பலை ஏன் அவ்வளவு கவனமாக ஓட்டுகிறார்கள் என்பது புரியும்.