அம்மாவின் குரலுக்கு ஈடு உண்டா?

விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், "பரீட்சை சரியாக எழுதவில்லை" என்று கைப்பேசியில் ஒரு வரி அனுப்புகிறாள். "கவலைப்படாதே கண்ணு" என்று தாயார் பதில் அனுப்புகிறார்.

ஆறுதல் சொல்லியாகிவிட்டது. அது மகளின் மனதைப் போய்ச் சேர்ந்ததா?

இதை அறிய அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-ம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள்.

நான்கு பிரிவு

12 வயது வரையுள்ள சிறுமிகளை, முன்பின் தெரியாதவர்கள் எதிரே பேசச் சொன்னார்கள். கணக்குப் போடச் சொன்னார்கள். சிறுமிகள் பதறிப்போனார்கள்.

பிறகு அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தாயாரை நேரில் பார்த்தனர். இன்னொரு பிரிவினர் டெலிபோனில் பேசினர். மூன்றாவது பிரிவினர் எழுத்தில் செய்தி பரிமாறினர். நான்காவது பிரிவினர் தனியே இருந்தனர்.

பதற்றம் வந்தால் உடலில் 'கார்டிசால்' என்ற சுரப்பு கூடும். தாயாரின் குரலைக் கேட்ட சிறுமிகளுக்கு அது குறைந்தது. பாச உணர்வோடு தொடர்புள்ள 'ஆக்சிடோசின்' சுரந்தது. எழுத்தில் ஆறுதல் பெற்றவர்களுக்கோ? தனியே இருந்தவர்களைப் போலவே பதற்றம் நீடித்தது!

சோதனை நடந்தது சிறுமிகளிடம். ஆனால் வாலிப வயதினரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நீலக் குறி

1992-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. வாழ்த்துக்கு எழுத்து போதும். வருத்தத்துக்குப் போதுமா?

2014-ல் வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்தது. செய்தியைப் படித்துவிட்டார் என்று அது காட்டும். ஏன் பதில் இல்லை என்று காட்டாது. "கோபமோ? வெறுப்போ?" என்று இளம் மனம் தவிக்கிறது. அந்த நண்பர் பஸ்சில் நின்றுகொண்டிருக்கலாம்!

எழுத்தும் உதவும்

வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சிலர் எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக அமெரிக்காவில் 2013-ல் குறுஞ்செய்தி மூலம் ஆறுதல் கூறும் சேவையே தொடங்கப்பட்டது.

ஆகவே, பிள்ளை எழுதினால் கண்டிக்காதீர்கள். எழுதியதைக் கதவு தட்டும் ஓசையாக நினையுங்கள். உடனே கூப்பிட்டுப் பேசுங்கள். துயரம் மிகுந்தால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

"சாப்பிட்டாயா?" என்று எழுதிக் கேட்பதைக் குரலில் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பதிலிலேயே வித்தியாசம் தெரியும்!