ஒளித்து வளர்த்த பிள்ளைகள்

எங்கள் இராசிபுரத்துப் பக்கத்தில், வழிதப்பி வந்த கன்றினைத் தன் தொழுவத்திற் கட்டித் தீனியிட்டுக் காப்பவனை ஊரார் புகழ்வர். உடையவன் தேடிவந்து கேட்டபின்னும் அவன் கயிற்றை அவிழ்க்க மறுப்பானாயின், அவனுக்கு வேறு பெயர் வழங்குவர். காத்தமையாலேயே உரிமை பிறந்துவிடுமோ? இரண்டாம் உலகப் போரின்பின் ஐரோப்பாவிற் பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகளின்பொருட்டு எழுந்த வினாவும் இதுவே.

ஹிட்லரின் ஆட்சியினர் கொன்ற யூதர் ஏறத்தாழ 60 இலட்சம். அவருட் சிறார் 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர். பிழைத்த சிறாருட் பலர் கன்னியர் மடங்களிலும் குடியானவர் வீடுகளிலும் ஒளித்து வைக்கப்பட்டோராவர். ஒளித்தலென்பது பரணிற் பதுக்குவது மாத்திரமன்று. குழந்தைக்குப் புதுப்பெயர் இடவேண்டும். பொய்ச் சான்றும் உணவுப் பங்கீட்டுச் சீட்டும் தேடவேண்டும். அயலான் திடீரெனக் கேட்பினும் பழம்பெயர் வாயில் வாராதபடி பழக்கவேண்டும். கிறிஸ்தவச் செபங்களைத் தடையின்றிச் சொல்லக் கற்பிக்கவேண்டும். ஆண்மகவாயின் இடர் மிகுதி. எட்டாம் நாளிற் செய்த விருத்தசேதனம் உடலிலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

வியன்னாவினின்று பிரான்சுக்கு ஓடிவந்த பிரிட்ஸ் பினாலி என்னும் யூத மருத்துவர், இவ்வபாயம் சூழ்ந்திருந்தும், 1941-இலும் 1942-இலும் பிறந்த தம் மைந்தர் இராபர்ட், ஜெரால்டு இருவர்க்கும் அச்சடங்கைச் செய்வித்தார். 1944 பிப்ரவரியில் அவரும் மனைவி அன்னியும் பிடிபட்டு ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டனர், மீண்டிலர். மைந்தரைக் கிரெனோபிள் நகரக் குழந்தைக் காப்பகத் தலைவியாகிய அந்துவானெத் பிரன் என்னும் கத்தோலிக்க அம்மையார் ஏற்றுக் காத்தார். அன்று அவர் செய்தது அருஞ்செயலே. அதனை எவரும் மறுத்தலாகாது.

போர் முடிந்தது. 1945-இல் நியூசிலாந்திலிருந்த அத்தை பிள்ளைகளைக் கேட்டெழுதினார். அம்மையார் விடுத்திலர், 1948-இல் இருவர்க்கும் ஞானஸ்நானமும் செய்வித்தார். வழக்கு ஆண்டுக்கணக்காய் நடந்தது. 1953-இல் உறவினரிடம் ஒப்புவிக்குமாறு தீர்ப்பானபோது, பிள்ளைகள் எல்லை கடத்தப்பட்டு ஸ்பெயினில் மறைக்கப்பட்டனர். கொலைஞர்க்கு அஞ்சி ஒளித்த பிள்ளைகளை உறவினர்க்கு அஞ்சி மீண்டும் ஒளித்தனர்! குருமார் சிலரும் கன்னியர் சிலரும் இதற்கு உடந்தையாயினர் என்று எழுதக் கிறிஸ்தவனாகிய எனக்கு நாணமுண்டாகின்றது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை திருச்சபைக்கு உரியதென்பது அவர் கொண்ட நியாயம். தந்தை உயிரச்சத்தையும் பாராது மைந்தர் மெய்யில் இட்ட அடையாளத்தை அந்நியாயம் எண்ணிற்றில்லை.

நம் நாட்டிலும் அக்காலத்தே அயல்நாட்டுப் பிள்ளைகளைக் காத்தாரொருவர் உளர். சோவியத் நாட்டிற்கு நாடுகடத்தப்பட்டுப் பெற்றோரை இழந்த போலந்துச் சிறார் பலருக்கு, நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜயசிங் 1942-இற் பாலாச்சடியில் உறைவிடம் அளித்தார். அவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர், ஒளிந்து வாழவேண்டியவருமல்லர், ஆதலின் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. எனினும், தம்மைத் தந்தையாகக் கருதுமாறு சொன்ன அவ்விந்து மன்னர், அவர்தம் மொழியிற் பள்ளியும் அவர்தம் குருவும் வழிபாடும் அங்கே அமைய இடந்தந்தார். தந்தையென்று அழைக்கப்பட்டமையால் தம் சமயத்தை அவர்மேற் சுமத்தினாரில்லை.

பினாலி சிறுவரும் இறுதியில் ஸ்பெயினினின்று மீட்கப்பட்டு, 1953 ஜூலையில் இஸ்ரேலிலிருந்த மற்றோர் அத்தையிடம் சேர்ந்தனர். மூத்தவராகிய இராபர்ட் பின்னாளில், தந்தையைப் போலவே, மருத்துவரானார்.