எடைக் குறைப்பு ஊசி: எதற்காக இந்தச் சண்டை?

2025 மார்ச்சில் ‘மவுன்ஜாரோ’, ஜூனில் ‘வீகோவி’. எடையைக் குறைக்கும் இந்த இரண்டு ஊசி மருந்துகளும் மூன்று மாத இடைவெளியில் இந்தியச் சந்தைக்கு வந்தன. கூடவே வாக்குவாதமும் வந்தது. “சர்க்கரையும் இறங்குது, எடையும் இறங்குது, வேறென்ன வேணும்?” என்கிறார் ஒருவர். “வாயைக் கட்ட முடியாதவங்க தேடுற குறுக்குவழி” என்கிறார் அடுத்தவர். “காசு இருக்கிறவனுக்குத்தான் இந்த மருந்து” என்கிறார் மூன்றாமவர். முதலாமவர் பேசுவது பலனை, இரண்டாமவர் ஒழுக்கத்தை, மூன்றாமவர் விலையை. கேள்விகள் மூன்றும் வேறு வேறு என்பதால் எத்தனை நாள் வாதிட்டாலும் முடிவு கிடைப்பதில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பலன். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது வீகோவியில் உள்ள செமாகுளுடைட். இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. வாரம் ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ மேல்கையிலோ தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும். 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டுவார்கள்.

2021இல் வெளியான ‘ஸ்டெப்-1’ ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டனர். 68 வாரங்களில் மருந்து எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். ஆதரிப்பவர்கள் காட்டும் கணக்கு இது. அதே ஆய்வின் தொடர்ச்சியில், ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எதிர்ப்பவர்கள் காட்டும் கணக்கு இது. இரண்டுமே உண்மை. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் பரவலாக வருபவை. பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். கர்ப்பிணிகள் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது நியாயமான வாதம் ஆகாது. சம்பந்தமில்லாத மரணங்களைக் கொண்டுவந்து ஒட்டுவதும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின்போது இறந்தார். 2026 ஜனவரியில் மதுரை மாணவி ஒருவர் யூடியூப் காணொளியைப் பார்த்து வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரிழந்தார். இரண்டும் நெஞ்சை உலுக்கியவை. ஆனால் முதலாவது அறுவை சிகிச்சைப் பாதுகாப்பு பற்றியது, இரண்டாவது போலி மருத்துவம் பற்றியது. ஊசி நல்லதா கெட்டதா என்பதற்கு இரண்டுமே சான்றில்லை.

அடுத்தது ஒழுக்கம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். இத்தனை பேரும் ஒரேயடியாகக் கட்டுப்பாடு இழந்துவிட்டார்கள் என்பதை நம்ப முடியுமா? மரபணு, தூக்கம், வேலைமுறை, மலிவான மாவுச்சத்து என்று காரணங்கள் பல.

காரணம் கேட்காமல் கேலி செய்வது புதிதல்ல. ஆரோவில்லை ஒட்டியுள்ள இரும்பையில், மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் மூன்றாகப் பிளந்திருப்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவளின் சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தரின் சினத்தில் லிங்கம் வெடித்தது என்பது கதை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பருத்த உடம்பைக் கண்டதும் “தின்னு தின்னு இப்படி ஆயிட்ட” என்று சொல்பவரும் கேட்பதில்லை. தைராய்டா, மாத்திரையின் விளைவா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏறியதா என்பது அவருக்குத் தெரியாது. ஊசியைத் தாராளமாக எதிர்க்கலாம். போட்டுக்கொண்டவரை இழிவுபடுத்த அது உரிமை தராது. ஊசி வேண்டாம் என்பவரை ‘பத்தாம்பசலி’ என்று மடக்குவதும் அதே தவறுதான்.

மூன்றாவது விலை. வீகோவியின் தொடக்க அளவு அறிமுகத்தின்போது மாதம் 17,345 ரூபாய். 2025 நவம்பரில் 10,850 ஆகக் குறைந்தது. மரக்காணம் அளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் குடும்பத்துக்கு மழைக்காலத்தில் அந்த வேலையும் கிடையாது. அந்த வீட்டில் சர்க்கரை நோயும் பருமனும் சேர்ந்திருப்பவருக்கு மாதாமாதம் இந்தத் தொகை எங்கிருந்து வரும்? விலையைப் பற்றிப் பேசுபவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட இந்த மருந்துகளை நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் விலையும் ஒன்று.

செமாகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள். அதன் பிறகு மலிவான இந்தியத் தயாரிப்புகளுக்கு வழி திறக்கிறது. விலை இறங்க இறங்க, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் ஆசையும் கூடும். எனவே யாராவது “போடலாமா?” என்று கேட்டால், ஆதரவையோ எதிர்ப்பையோ கொட்டுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியவை உண்டு: மருத்துவர் பார்த்தாரா? வேறு நோய் இருக்கிறதா? எத்தனை காலம் போடச் சொன்னார்? நிறுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கினாரா? அந்தச் செலவைத் தொடர்ந்து தாங்க முடியுமா?