ஏ4 தாளின் நீளக் கணக்கு

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர். நீளத்தை 300 என்று முழு நூறாக வைக்காததற்குக் காரணம் ஒரு விகிதம். நீளம், அகலத்தைப் போல் 1.414 மடங்கு, அதாவது 2இன் வர்க்கமூல மடங்கு இருக்க வேண்டும் என்பதே அது.

இந்த விகிதமுள்ள தாளை நீளத்தின் நடுவில் மடித்தால் கிடைக்கும் பாதியும் அதே வடிவத்தில் இருக்கும். ஏ4இன் பாதி ஏ5; இரண்டு ஏ4 தாள்களை நீள விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தால் ஏ3. வேறு எந்த விகிதத்துக்கும் இந்தக் குணம் கிடையாது. சதுரத் தாளை மடித்தால் பாதி செவ்வகமாகிவிடும்.

இதைக் கையிலுள்ள தாளிலேயே சோதிக்கலாம். மேல் விளிம்பு பக்க விளிம்போடு படியுமாறு ஒரு மூலையை மடித்தால், மடிப்புக்கோடு 210 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றின் மூலைவிட்டமாக அமையும். இன்னொரு ஏ4 தாளின் நீள விளிம்பை அந்தக் கோட்டின்மேல் வைத்தால் இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தும்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் லிஷ்டன்பெர்க், 1786இல் எழுதிய கடிதம் ஒன்றில் இந்த விகிதத்தின் வசதியை எடுத்துச் சொன்னார். 1922இல் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த டிஐஎன் 476 என்ற ஜெர்மானியத் தரநிலை, விகிதத்தோடு மீட்டர் அளவையும் இணைத்தது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர்; அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. 1975இல் இதுவே ஐஎஸ்ஓ 216 என்ற பன்னாட்டுத் தரநிலை ஆயிற்று.

பரப்பு தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு தாள் 5 கிராம். கடிதத்தில் எத்தனை தாள் என்று எண்ணினாலே போதும், தராசு வேண்டாம்.

ஜெராக்ஸ் கடையிலும் இதே கணக்குதான். இரண்டு ஏ4 பக்கங்களை 71 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் அவை ஒரே ஏ4 தாளில் அடங்கும். 141 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் ஒரு பக்கம் ஏ3 தாளை நிறைக்கும். எழுத்தும் வெட்டுப்படாது, ஓரத்தில் இடமும் வீணாகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் 216க்கு 279 மில்லிமீட்டர் லெட்டர் தாளில் இந்த வசதி இல்லை. அதன் பாதி, முழுத் தாளைவிட ஒடுங்கிய வடிவம் பெறுவதால், சுருக்கிய பக்கத்தைச் சுற்றி வெற்றிடம் விழுந்துவிடுகிறது.