தேர்வுக்குரிய காலம்

'காலமறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தாம்பரத்திலிருந்து புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரிக்குச் சென்று, மாலையில் தனிப்பயிற்சி அளித்துத் தம் செலவைத் தாமே ஈட்டும் மாணவருக்கும் அவ்வறிவு தேவை.

சட்டப் பட்டத்தோடு செலவு முடிவதில்லை. வழக்குரைஞராகப் பதிவு செய்தல் வேண்டும். அதற்குப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பெறலாகாது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2011 முதல் நடைபெறும் அகில இந்திய வழக்குரைஞர் தேர்விலும் வெற்றி பெறல் வேண்டும். முன்பு, பட்டம் பெற்றுப் பதிவு செய்தோரே இதனை எழுதினர். ஈராண்டுகளுக்குள் தேர்ச்சி பெறாவிடில் அவர்கள் நீதிமன்றத்தில் வாதிட இயலாது. இறுதிப் பருவ மாணவரும் எழுதுவதற்கு 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழிவகுத்தது.

இவற்றுள் ஏற்ற காலம் எது? நிலுவைத் தாள் இல்லாதவர் இறுதிப் பருவத்திலேயே எழுதினால், வருவாயின்றிக் காத்திருக்கும் திங்கள்கள் குறையும். நிலுவைத் தாள் உள்ளவரோ முதலில் அதனை முடித்தல் நன்று. பட்டம் கிட்டாமல் இத்தேர்ச்சி பயன்தராது. தோற்றால் மறுபடியும் கட்டணம் செலுத்த நேரும். ஆகவே தம் ஆயத்தத்தையும் கைப்பொருளையும் ஒருங்கே எண்ணிக் காலத்தைத் தெரிதல் வேண்டும்.