சேமியா ஏன் குழைகிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இரவு நேரத்தில் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். ஷிப்டு முடிந்த தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள் அவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றோடு கண்ணாடி, டயர், கைபேசி என்று எத்தனையோ ஆலைகள் இந்த வட்டாரத்தில் எழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இங்கே அறை எடுத்தும் விடுதிகளிலும் தங்கி வேலை செய்கிறார்கள்.

அறையில் தங்குவோர் பலரிடம் ஓர் அடுப்பும் ஒன்றிரண்டு பாத்திரங்களுமே இருக்கும். களைத்து வந்த உடம்புக்குச் சூடாக ஏதாவது வேண்டும். நேரமும் எரிவாயுவும் மிச்சமாக வேண்டும். இந்த நிலையில் கைகொடுப்பது சேமியா கிச்சடி. வெங்காயம், தக்காளி, காய், சேமியா எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். ஆனால் ஒருவர் செய்தால் உதிரி உதிரியாக வருகிறது; இன்னொருவர் செய்தால் களியாகிவிடுகிறது. கைப்பக்குவம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கைப்பக்குவத்துக்குள் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று பார்ப்போமா?

வலையும் மணிகளும்

சேமியா, மக்ரோனி, ஸ்பகெட்டி ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். பொதுப்பெயர் பாஸ்தா. சேமியாவை இத்தாலியர் 'வெர்மிசெல்லி' என்பார்கள். அதன் பொருள் 'குட்டிப் புழுக்கள்'! கோதுமை ரவை அல்லது மாவைச் சிறிதளவு நீர் விட்டுப் பிசைந்து, துளைகள் உள்ள அச்சின் வழியே மிகுந்த அழுத்தத்தில் பிழிந்து, உலர்த்தினால் பாஸ்தா கிடைக்கிறது. நம் வீட்டு முறுக்கு அச்சும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

கோதுமை மாவில் இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு. ஒன்று மாவுச்சத்து. இது கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாக இருக்கிறது. மற்றொன்று புரதம். மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது இந்தப் புரதம் குளூட்டன் என்னும் ரப்பர் போன்ற வலையாகப் பின்னிக்கொள்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் நீள்வது இதனால்தான். ஆக, ஒவ்வொரு சேமியா இழையும் மாவுச்சத்து மணிகளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரத வலை.

அரிசியில் குளூட்டன் கிடையாது. அதனால்தான் இடியாப்ப மாவைக் கொதிநீர் ஊற்றிப் பிசைகிறோம். கொதிநீர் மாவுச்சத்தில் ஒரு பகுதியை வேகவைத்துப் பசையாக்குகிறது. வலை செய்ய வேண்டிய வேலையை அந்தப் பசை செய்கிறது. அப்படியும் இடியாப்பத்தை நீரில் போட்டு வேகவைக்க முடியாது. கரைந்துவிடும். ஆவியில்தான் அவிக்க வேண்டும். கோதுமைச் சேமியா கொதிநீரில் தாக்குப்பிடிப்பது அதன் வலையால்தான்.

வேகும்போது நடப்பது என்ன?

சேமியாவைச் சூடான நீரில் போட்டதும் நீர் வெளியிலிருந்து உள்ளே நுழைகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகின்றன. அதே வேளையில் வெப்பத்தால் புரத வலையும் இறுகுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதைப் போன்ற மாற்றம் இது.

இப்போது இரண்டுக்கும் இடையே ஒரு போட்டி. வலை நன்றாக இறுகி மணிகளைப் பிடித்துக்கொண்டால் இழை உதிரியாக நிற்கும். மணிகள் அளவுக்கு மீறி ஊதி, வெடித்து, வலைக்கு வெளியே வந்துவிட்டால் மாவுச்சத்து நீரில் கலந்து பசையாகும், இழைகள் ஒட்டிக்கொள்ளும். இதையே 'குழைந்துவிட்டது' என்கிறோம். துரம் என்னும் கடினக் கோதுமையில் புரதம் அதிகம். மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் இது விளைகிறது. துரம் ரவையில் செய்த பாஸ்தா எளிதில் குழையாததன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

வெளியேறும் மாவுச்சத்து முழுவதும் தீங்கு என்று எண்ண வேண்டாம். நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அது வடிநீரோடு போய்விடுகிறது. ஒரே பாத்திரத்தில் அளவான நீரில் வேகவைத்தாலோ அது உள்ளேயே தங்கி, தக்காளிச் சாற்றையும் எண்ணெயையும் கலந்து மெல்லிய குழம்பாக இழைகளின் மேல் படிகிறது. கிச்சடியின் இதமான வழவழப்பு இதிலிருந்து வருவதுதான்.

ஏன் வறுக்கிறோம்?

சேமியாவைச் சிறிது எண்ணெயில் வறுக்கும்போது அதிலுள்ள புரதத் துண்டுகளும் சர்க்கரைகளும் வினைபுரிகின்றன. பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. மெயிலார்டு வினை எனப்படும் இது, பிரெஞ்சு வேதியியலார் லூயி கமில் மெயிலார்டு 1912இல் விவரித்தது. இழைகளின் மேல் படியும் எண்ணெய்ப் படலமும் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது.

கொதிக்கக் கொதிக்க வேகுமா?

நீர் தளதளவென்று கொதித்தால் சீக்கிரம் வெந்துவிடும் என்று பலர் அடுப்பைப் பெரிதாக எரிய விடுகிறார்கள். உண்மை அதுவன்று. கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் திறந்த பாத்திரத்து நீர் மெதுவாகக் கொதித்தாலும் வேகமாகக் கொதித்தாலும் வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரிதான். கூடுதல் தீ நீரை ஆவியாக்க மட்டுமே செலவாகிறது. உப்புப் போட்டால் கொதிநிலை உயரும் என்பது உண்மையே. ஆனால் ஒரு லிட்டரில் 5 கிராம் உப்பு உயர்த்துவது பத்தில் ஒரு டிகிரிகூட இல்லை. உப்புப் போடுவது ருசிக்காகத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியிலுள்ள 1 கிராம் நீரை 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி வெப்பம் வேண்டும். அதே 1 கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். மூடாத பாத்திரத்திலிருந்து 1 கிராம் நீர் ஆவியாகிப் போனால், ஏழு கிராமுக்கும் மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் வீணாகிறது. ஒரு மூடி எவ்வளவு மிச்சப்படுத்துகிறது பாருங்கள்!

நீரின் அளவிலும் இதே கதைதான். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர் என்பது இத்தாலிய வழக்கம். 200 கிராமுக்கு 2 லிட்டர் ஆகிறது. அதைக் கொதிக்க வைக்க 1,40,000 கலோரி வேண்டும். ஒரே பாத்திர முறையில் அரை லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால் 35,000 கலோரி போதும். நான்கில் ஒரு பங்கு!

2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் இத்தாலியரான ஜார்ஜியோ பாரிசி. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறிய 2022இல், நீர் கொதித்தபின் பாஸ்தாவைப் போட்டுச் சிறிது நேரத்தில் அடுப்பை அணைத்து மூடி வைத்தாலே வெந்துவிடும் என்ற யோசனையை அவர் ஆதரித்தார். சமையற்கலைஞர்கள் சிலர் ஒப்பவில்லை. ஆனால் விஞ்ஞானம் அவர் பக்கம் இருந்தது. மாவுச்சத்து வேக 100 டிகிரி தேவையில்லை அல்லவா? நம் வீடுகளில் கிச்சடியைக் கடைசி ஐந்து நிமிடம் மூடி 'புழுங்க' விடுவதும் இதுவே.

செய்முறை

ஒரு டம்ளர் சேமியாவைப் பொன்னிறமாக வறுத்து, தட்டில் கொட்டி வையுங்கள். அதே பாத்திரத்தில் எண்ணெய் விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தை வதக்குங்கள். பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணியைச் சேர்த்துச் சிறிது நீர் தெளித்து மூடி, பாதி வேக விடுங்கள். அதன்பின் தக்காளி. புளிப்புச் சேர்ந்தால் காய் மென்மையாக நேரமாகும். ஆகவே இந்த வரிசை. இனி இரண்டு டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சள் தூள். கொதி வந்ததும் சேமியாவைப் போட்டு ஒருமுறை கிளறி, தீயைக் குறைத்து மூடுங்கள். நீர் வற்றியதும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் திறக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கிளறினால் இழைகள் உடைந்து மாவுச்சத்து வெளியேறும். மக்ரோனி என்றால் நீர் இன்னும் அரை டம்ளர் கூடுதலாக வேண்டும்.

பட்டாணி அழகுக்காக மட்டும் சேர்ப்பதல்ல. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

மீந்ததை என்ன செய்வது?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. மண்ணிலும் தானியத்திலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது. இதன் விதை போன்ற வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சமைத்த உணவு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தி உண்டாக்கும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரில் 2008இல், ஐந்து நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடுபடுத்தி உண்ட 20 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். இத்தகைய முடிவு அரிது. ஆனால் குளிர்நாட்டிலேயே இப்படி என்றால், இரவிலும் வெக்கை தணியாத நம் ஊரில் எவ்வளவு கவனம் வேண்டும்!

பழைய சோறு கெடுவதில்லையே என்று கேட்பீர்கள். நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பேற்றுகின்றன. பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒவ்வாது. கிச்சடிக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே உண்பவர் எத்தனை பேர் என்று எண்ணி அளவாகச் செய்து, சூடாகவே உண்டுவிட வேண்டும். மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அது இல்லாத அறையில் மறுநாள் டிபனுக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது.

பலருக்குச் சேர்த்துச் சமைக்கும் இடத்தில் இந்தப் பொறுப்பு பல மடங்கு. 2021 டிசம்பரில் இந்த வட்டாரத்துக் கைபேசி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. விடுதி பெரிதாகப் பெரிதாக, சமையற்கட்டில் நேரத்தையும் வெப்பநிலையையும் அளந்து பார்க்கும் பழக்கமும் வளர்ந்தாக வேண்டும்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே அளவு வறுக்காத சேமியா போடுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், ஒன்றில் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து இழைகளின் நிறம், தடிமன், மென்மை மூன்றையும் ஒப்பிட்டு எழுதுங்கள். மூன்றுமே நீரில்தான் ஊறின. அப்படியிருக்க, எது வெந்தது, எது வெறுமனே நனைந்தது, ஏன்? காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள்.