இரண்டு கார்டு வேண்டாம், மருமகனே!

"மாமா, ரெண்டு கார்டு போட்டா டபுள் ஸ்பீடுதானே?"

2024 தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சுங்கை பெசாரில் உள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். எஸ்.பி.எம். முடித்துவிட்டு அனிமேஷன் டிப்ளோமாவுக்கு மனு செய்யக் காத்திருந்த மருமகன், நான் சட்டையைக் கழற்றுவதற்குள் இந்தக் கேள்வியைக் கேட்டான். கைப்பேசியில் ஒரு விற்பனை விளம்பரத்தையும் காட்டினான். பழைய ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு. ஒவ்வொன்றிலும் 8 ஜிபி நினைவகம். "ரெண்டு வாங்கினா பதினாறு, மாமா" என்று கணக்கும் சொன்னான்.

அக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தைத்துச் சேர்த்ததும் சீட்டில் எடுத்ததுமாக அவர் கையில் இருந்தது 4,000 வெள்ளி. "தம்பி, நீதான் பார்த்து வாங்கிக் கொடுக்கணும். இன்னொரு தடவை வாங்க என்னால முடியாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்தியது. இதே ஆசையில் நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன்தான்.

2016-இல் வேலைக்குச் சேர்ந்து கிடைத்த முதல் போனசில், கேம் விளையாடுவதற்காக ஒரு கணினியை நானே பூட்டினேன். நடுத்தர விலையில் இரண்டு கார்டுகள். இரண்டும் எரிந்தபோது பெட்டியைத் திறந்து வைத்து நண்பர்களுக்குக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. விளையாடும்போதுதான் சங்கடம் தெரிந்தது. திரையின் மூலையில் வினாடிக்கு 60 படம் என்று எண் ஓடும். கண்ணுக்கோ விக்கி விக்கித் தெரியும். சில கேம்களில் இரண்டாவது கார்டு சும்மாவே கிடக்கும். குளிர்சாதனம் இல்லாத அறையில், கீழே இருக்கும் கார்டு விடும் சூட்டை மேலே இருக்கும் கார்டு இழுத்துக்கொண்டு இரைந்தது. ஒரு வருடத்தில் ஒன்றைக் கழற்றிப் பாதி விலைக்கு விற்றேன்.

மருமகனுக்கு இதை ரொட்டி சானாய் கடையை வைத்துச் சொன்னேன். ஒரு கல்லில் இரண்டு பேர் மாறி மாறி ரொட்டி போடுகிறார்கள். முதல் ரொட்டி இவர், இரண்டாவது அவர். ஒருவர் சற்றுத் தாமதித்தாலும் இரண்டு ரொட்டி ஒன்றாக வரும். பிறகு மேசை காலியாகக் கிடக்கும். ஒரு மணி நேரத்தில் போட்ட ரொட்டிக் கணக்கு சரியாகத்தான் இருக்கும், சாப்பிடுகிறவருக்குத்தான் தடை தெரியும். இரண்டு கார்டுகளும் அப்படித்தான் படங்களை மாற்றி மாற்றி வரைகின்றன. அதோடு, ஒவ்வொருவரும் தனித்தனியாக முழு மாவையும் வைத்திருக்க வேண்டும். அதாவது ஒரே கேமின் தகவல்கள் இரண்டு கார்டிலும் இருக்கும். எனவே எட்டும் எட்டும் அங்கே பதினாறு ஆவதில்லை, எட்டுதான்.

"அப்ப ஏன் மாமா அந்தக் காலத்துல எல்லாரும் போட்டாங்க?" என்றான். நியாயமான கேள்வி. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ 2 கார்டுகளை இரண்டாக இணைக்க வழி செய்தது. 2004-இல் என்விடியா எஸ்.எல்.ஐ. என்றும், 2005-இல் ஏடிஐ கிராஸ்ஃபயர் என்றும் கொண்டுவந்தன. 2016 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில், ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் பிரிவுத் தலைவராக இருந்த ராஜா கொடுரி, இரண்டு ஆர்எக்ஸ் 480 கார்டுகளை விலை கூடிய ஒற்றைக் கார்டுக்கு எதிராக ஓட்டிக் காட்டினார். இரண்டின் விலையும் சேர்ந்து 500 அமெரிக்க டாலருக்குள்தான். பலருக்கும் ஆசை வந்தது. ஆனால் அங்கே ஓடிய கேம், இரண்டு கார்டுகளைப் பயன்படுத்தும்படி எழுதப்பட்ட மிகச் சிலவற்றில் ஒன்று. டைரக்ட்எக்ஸ் 12 வந்தபின் அந்தப் பொறுப்பு கேம் எழுதுகிறவர்கள் கைக்குப் போனது, பெரும்பாலோர் மெனக்கெடவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகள் தருவதில்லை என்று என்விடியா அறிவித்தது. கேம் உலகில் இரட்டைக் கார்டின் கதை ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

மலிவு விலைக்கும் காரணம் இருக்கிறது. ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள் எத்தீரியம் நாணயச் சுரங்க வேலையில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. விசிறி தேய்ந்திருக்கலாம்; உள்ளே இருக்கும் பயாஸ் மாற்றப்பட்டிருக்கலாம். ஒன்றுக்கு 185 வாட் என்றால் இரண்டுக்கும் 370 வாட். அதற்கேற்ற பெரிய பவர் சப்ளையும், இரண்டாவது கார்டைத் தாங்கும் விலை கூடிய மதர்போர்டும் வாங்க வேண்டும். கார்டில் மிச்சம் பிடிக்கும் காசு அங்கே போய்விடும்.

மருமகன் முகம் வாடிவிட்டது. பிறகு மெதுவாக, "கேம் மட்டும் இல்ல மாமா, பிளெண்டருக்கும்தான்" என்று தன் பழைய மடிக்கணினியைத் திறந்தான். தாத்தா வேலை செய்த தோட்டத்து லயன் வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்துகொண்டிருந்தான். அந்த லயன் இப்போது இல்லை. பாட்டி சொல்லச் சொல்ல வரைகிறான். மனுவோடு காட்ட வேண்டிய வேலை அது. மடிக்கணினியில் ஒரு படம் முடிய இரவு முழுக்க ஆகிறதாம்.

நேர்மையாகச் சொன்னால், பிளெண்டரில் இரண்டு கார்டு உதவும். ஒரே படத்தை இரண்டும் பங்கு போட்டு முடிக்கும். ஆனால் 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு முதல், ஆர்எக்ஸ் 580 வயதுடைய ஏஎம்டி கார்டுகளை அதன் சைக்கிள்ஸ் பயன்படுத்துவதில்லை. அவன் ஆசைப்பட்ட இரண்டும் அவனுடைய முக்கியமான வேலைக்கே உதவாமல் போயிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை செக்கிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வழியாகக் கோலாலம்பூர் போய், புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். வாங்கியது இது: 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 ஒன்று, 1,400 வெள்ளி, ரைசன் 5 5600 பிராசசர் 550, மதர்போர்டு 450, 32 ஜிபி ரேம் 350, 1 டிபி எஸ்.எஸ்.டி. 280, 650 வாட் பவர் சப்ளை 300, விசிறிகளோடு பெட்டி 250, திரை 420. மொத்தம் 4,000. அந்தக் கார்டுக்கு 115 வாட் போதும். ஒரு ஆர்எக்ஸ் 580-ஐப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். அது கெட்டால் மற்றதையும் கெடுத்துவிடும். எங்கள் பக்கத்து இடி மின்னலுக்குப் பயந்து மின்னழுத்தத் தடுப்பு உள்ள பிளக்கை என் காசில் வாங்கிக் கொடுத்தேன். நெல் அறுவடை நாள்களில் தூசி அதிகம். பெட்டியின் வலையை மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூடத்தில் பாய் விரித்து அவனே பூட்டினான். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது. அக்காள் என்னைப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அவன்தான் பின்னால் குனிந்து பார்த்து, திரையின் கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பதைக் கண்டுபிடித்தான். அந்தப் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டிலிருந்துதான் படம் வர வேண்டும். செருகியது நான்தான்.

இரவு முழுக்க எடுத்த படம் அன்று சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிந்தது. பாட்டியை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கிணறு அந்தப் பக்கம்டா. இந்தப் பக்கம் உங்க தாத்தா சைக்கிள் நிக்கும்" என்றார்.

மருமகன் மவுசைப் பிடித்துக் கிணற்றை நகர்த்தத் தொடங்கினான்.